இத்தாலிக்குப் பெண் பார்க்கப் போனோம்

நியூ ஜெர்சியில் எங்கள் பிளெய்ன்ஸ்பரோவில் யாராவது ஐரோப்பா போய்த் திரும்பினால் அடுத்த பாட்லக் விருந்தில் அவர்களைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிடும். எத்தனை நாடு பார்த்தீங்க, வெஜிடேரியன் கிடைச்சுதா, ரைஸ் குக்கர் எடுத்துட்டுப் போனீங்களா? எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் பத்து நாளில் ஏழு நாடு பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தது ஒரே நாடு, அதிலும் ஒரே ஊர்.

"ஒரே ஊரா? அப்ப பீசா கோபுரம்?" என்றார் எங்கள் மாடிவீட்டு மாலதி.

"பார்க்கலை."

"ரோம்?"

"ஏர்போர்ட் பார்த்தேன்."

"அப்புறம் என்னதான் பண்ணீங்க?"

"பொண்ணு பார்த்தோம்."

கையில் பாதி சமோசாவோடு அப்படியே நின்றுவிட்டார். முழுக் கதையையும் கேட்ட பிறகு, "அந்த ஊருக்கு ஒரு கைடு மாதிரி எழுதிக் கொடுங்களேன், சம்மர்ல நாங்களும் பிளான் பண்றோம்" என்றார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். இத்தாலியின் தெற்குக் கோடியில், கடலுக்கும் ஒரு மொட்டைப் பாறைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கிடக்கிற ஊர். பெயரைச் சொன்னால் நீங்கள் எல்லோரும் மினி வேன் பிடித்துப் போய்விடுவீர்கள். அங்கே பார்க்கிங் கிடையாது.

விஷயம் என் தம்பி செந்திலிடமிருந்து ஆரம்பிக்கிறது. கலிபோர்னியாவில், சன்னிவேலில் சிப் டிசைன் பண்ணுகிறான். அதே கட்டடத்தில் வேலை பார்க்கும் டனியேலா என்ற இத்தாலிப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசைப்பட்டான். எங்கள் அம்மா கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து என்னோடு தங்க வந்திருந்த சமயம் பார்த்து, விமானம் பிடித்து நியூ ஜெர்சி வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்து சொல்லிவிட்டான். அம்மா ஒப்பாரி வைப்பாள் என்று நான் டிஷ்யூ டப்பாவோடு தயாராக நின்றிருந்தேன். அம்மா அழவில்லை.

"பொண்ணுக்கு எந்த ஊரு?" என்றாள்.

"இத்தாலிம்மா. ஆனா இப்ப சன்னிவேல்லதான் இருக்கா. அடுத்த வாரம் நீ அங்க வந்தீன்னா பாத்துடலாம்."

"அது அவ வாடகைக்கு இருக்கற அபார்ட்மென்ட்டுடா. பொண்ணு பாக்கறதுன்னா அப்பன் ஊட்டுலதான் பாக்கோணும். குடும்பம் பாக்காம எப்படிறா சரீங்கறது?"

கோபிக்குப் போன் போட்டோம். "உங்கம்மா போய்ப் பாத்துட்டு வரட்டும். அவ சரீன்னா எனக்கும் சரி" என்று அப்பா வைத்துவிட்டார். பொறுப்பு முழுவதும் அம்மா தலையில். அன்றைக்கு பால்கனியில் நிற்கும்போது செந்தில் என்னிடம் சொன்னான்: "அம்மா வேண்டாம்னா எதிர்த்துப் பண்ணிக்க மாட்டேன் அக்கா. ஆனா வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டேன்." அவன் அப்படி அடங்கிய குரலில் பேசி நான் கேட்டதில்லை. Y2K வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த வருஷம் அது. என் மேனேஜரிடம் "குடும்ப அவசரம்" என்று சொல்லி ஒரு வாரம் லீவு வாங்கினேன். பொய் இல்லையே.

முதல் நாள். எங்களை ரயில் இறக்கிவிட்ட ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் பஸ்ஸில் போக வேண்டும். பஸ் ஸ்டிரைக். இதைச் சொன்ன ஸ்டேஷன்காரர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை, இன்றைக்கு வெயில் அடிக்கிறது என்பதைப் போலச் சொன்னார். முன்னாடியே ஊருக்கு வந்துவிட்டிருந்த டனியேலாவுக்குச் செந்தில் போன் பண்ண, அவள் தன் மாமாவை அனுப்பினாள். அவர் மூன்று சக்கர வண்டி ஒன்றில் வந்து இறங்கினார். நம் ஊர் ஆட்டோவேதான், பின்னால் சீட்டுக்குப் பதில் தொட்டி. முன்னால் டிரைவரைத் தவிர யாருக்கும் இடமில்லை.

மெல்லிய வாயல் சேலை, அதன் மேல் ஸ்வெட்டர், காலில் நான் வாங்கிக் கொடுத்த ஸ்னீக்கர்ஸ், இந்தக் கோலத்தில் என் அம்மா தொட்டியில் ஏறி, சூட்கேஸுக்கும் எலுமிச்சைக் கூடைக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். எதிரில் கோல்டு மெடல் வாங்கிய எலக்ட்ரிகல் இன்ஜினியரான என் தம்பி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பாறை, நடுவில் எங்கள் தொட்டி. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லா சாமியையும் கூப்பிட்டேன். அம்மா முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, "அமெரிக்கா வந்து நாலு மாசத்துல இப்பத்தான் ஒரு வண்டில காத்து வருது" என்றாள்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தது வீடுகள் இல்லை, துணிகள். ஜன்னலுக்கு ஜன்னல் கொடி கட்டி, போர்வை, பனியன், உள்பாவாடை என்று ஊரே தன் சலவையைக் கடல் காற்றில் பறக்க விட்டிருந்தது. பிளெய்ன்ஸ்பரோவில் அம்மா பால்கனியில் ஒரு சேலையைக் காயப்போட்டதற்கு, வளாகத்தின் அழகு கெடுகிறது என்று ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. அம்மா அதை மறக்கவில்லை. "இவங்கெல்லாம் வெள்ளக்காரங்கதான? இவங்களுக்கு நோட்டீசு வராதா?" என்று கேட்டாள். 

டனியேலா வீட்டில் தங்கச் சொன்னார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வீட்டிலேயே தங்குவதா? அம்மா முகத்தைப் பார்த்த செந்தில் ஒரு விதவை அம்மாளின் மாடியில் இரண்டு அறை எடுத்தான். அங்கேதான் குக்கர் சம்பவம் நடந்தது.

நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பும்போதே நான் கேட்டேன், கன்வர்ட்டர் வேண்டாமா என்று. "எதுக்கு? இண்டியா 220, யூரோப்பும் 220. நம்ம ஊர் மாதிரிதான். பின் மாத்தற பிளக் மட்டும் போதும்" என்றான் கோல்டு மெடல். எங்கள் மூவருக்கும் அது நியாயமாகவே பட்டது. நம் ஊர்க் கரண்ட், நம் ஊர் அரிசி, நம் ஊர் ஆட்கள். குக்கரை எங்கள் பக்கத்து ஊர் எடிசனில் வாங்கினோம், அது 110 வோல்ட் அமெரிக்கக் குக்கர் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பிளக்கைச் செருகினான். "டப்" என்று ஒரு சத்தம், ஒரு வாடை, வீடு முழுக்க விளக்கு அணைந்தது. கீழே சலூனில் யாரோ கத்தினார்கள், பாதி தலையில் மிஷின் நின்றுவிட்டதாம். வீட்டுக்கார அம்மாள் டார்ச்சோடு மேலே வந்து, புகைந்துகொண்டிருந்த குக்கரைப் பார்த்து, சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"படிச்ச படிப்பெல்லாம் இதுக்குத்தானா சாமி" என்றாள் அம்மா. சோறு போயிற்று. மிச்சம் இருந்தது ரொட்டியும் நாங்கள் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயும்தான்.

ஆகவே மாலதி, முதல் குறிப்பு: குக்கர் வேண்டாம். எடுத்துப் போனால் கன்வர்ட்டரும் எடுத்துப் போங்கள்.

இரண்டாம் நாள் ஓட்டல் தேடினோம். அம்மா சைவம் என்று செந்தில் தனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியில் விளக்கினான். சர்வர் நெஞ்சில் கை வைத்து, கறி ஒரு துண்டுகூட இருக்காது என்று சத்தியம் பண்ணினார். தக்காளி போட்ட பாஸ்தா வந்தது. அம்மா முள்கரண்டியால் கிளறி, அடியிலிருந்து ஒரு நெத்திலியை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "கறி இல்லையே, மீன்தானே" என்றார் சர்வர். அவர் மேல் தப்பில்லை. அந்த ஊரில் மீன் என்பது கடலில் காய்க்கிற ஒரு காய்கறி. அம்மா தக்காளி, தயிர், ரொட்டி என்று அன்றைக்கு ஒப்பேற்றினாள். காப்பி கேட்டால் குழந்தைக்கு மருந்து கொடுக்கிற பாலாடை அளவுக்குத்தான் வந்தது, அதிலும் கசப்பு உச்சி மண்டை வரை ஏறியது.

மத்தியானம் ஒரு மணிக்கு ஊர் முழுக்கக் கதவடைத்துத் தூங்கப் போய்விடுகிறது. ஐந்து மணிக்குத்தான் திறக்கிறார்கள். "பொழைக்கத் தெரிஞ்சவங்க" என்று அம்மா அவர்களுக்கு முதல் பாஸ் மார்க் போட்டாள். சாயங்காலம் ஊரே குளித்து, பவுடர் போட்டு, நல்ல துணி உடுத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் இறங்கி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறது. கடைக்குப் போவதற்கில்லை, உடம்பு இளைப்பதற்கும் இல்லை. சும்மா நடக்கிறார்கள். "தேர் பாக்க வந்த கூட்டமாட்ட இருக்குது, தேரத்தான் காணோம்" என்றாள் அம்மா. அன்றைக்குத் தேர் நாங்கள்தான். சேலையைப் பார்த்து மூன்று பெண்கள் நின்றார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம், "பையனுடைய அம்மா இவர்தான். ஒல்லியாக இருக்கிறார், பாவம்" என்றாளாம். செந்தில் மொழிபெயர்த்துவிட்டு வருத்தப்பட்டான்.

அம்மாவுக்கு வேறு வேலை இருந்தது. அக்கம்பக்கம் விசாரிக்க வேண்டும். சம்பந்தம் பேசும் முன்னால் பெண் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் கேட்காமல் எப்படி? தம்பியை அறையில் இருத்திவிட்டு என்னைக் கிளப்பினாள். எந்த பாஷையில் விசாரிப்பது என்று நான் முழித்துக்கொண்டு நின்றபோது, காய்கறிக் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இங்கிலீஷில் கேட்டார்: "எங்கிருந்து வர்றீங்க?"

"நியூ ஜெர்சி."

எழுந்தே விட்டார். "எந்த எக்ஸிட்?"

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் எக்ஸிட் 8A என்றேன்; நியூ ஜெர்சிக்காரர்கள் ஊரைச் சொல்வது அப்படித்தான். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெயர் சால்வத்தோரே. நெவார்க்கில் ரொம்ப வருஷம் கொத்தனார் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து, டர்ன்பைக் டிராஃபிக்கைத் திட்டுவதற்கு எனக்கு ஒரு ஆள் கிடைத்தார். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் சேர்ந்து திட்டினோம்.

"அதிருக்கட்டும், குடும்பம் எப்படீன்னு கேளு கண்ணு" என்று அம்மா முழங்கையால் இடித்தாள்.

கேட்டேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி யோசித்தார். "தகப்பன் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவன். குடிக்க மாட்டான்னு சொல்ல மாட்டேன், ஆனா வீட்டுக்கு நேராத்தான் நடந்து போவான். தாய் ரோசாரியா இருக்காளே, அவ சண்டை போட்டா தெருவுக்கே கேக்கும். சண்டைக்கு முன்னாடி ஜன்னலை மூடற பழக்கம் அந்த வீட்டுல கிடையாது."

இதைக் குறைத்துச் சொல்லலாமா என்று பார்த்தேன், பிறகு அப்படியே சொன்னேன்.  "மறைச்சு வெக்காத குடும்பம்" என்று மட்டும் அம்மா சொன்னாள். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். செந்தில் அதை டனியேலாவிடம் சொல்ல, அவள் வீட்டில் மத்தியானம் ஒரு மணிக்கு வரச் சொன்னார்கள். பழம், பூ, எடிசனில் எடுத்த பட்டுச் சேலை எல்லாம் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு போனோம்.

வாசலிலேயே எல்லோரும் நின்றிருந்தார்கள். அப்பா, மாமாக்கள், அத்தைகள் என்று பதினைந்து பேர் இருக்கும். டனியேலா ஓடிவந்து, செந்தில் சொல்லிக்கொடுத்திருந்தபடி, அம்மாவைக் கும்பிட்டு "வணக்கம்மா" என்றாள். பளிச்சென்ற முகம், பயந்த கண். அம்மா அவள் தலையைத் தொட்டாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

உள்ளே கூடத்தின் நீளத்துக்கு ஒரு மேஜை. ரோசாரியா ஆன்ட்டி இரண்டு நாளாகச் சமைத்திருக்கிறார். எங்கள் அம்மாவுக்காக அன்றைக்கு வீட்டில் மீன்கூட இல்லை. கத்தரிக்காய் மட்டும் நாலு விதம், கொண்டைக்கடலை போட்ட பாஸ்தா, வதக்கிய குடைமிளகாய், அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டி. அந்த வாசனையில் எனக்குத் தலை சுற்றியது. ஆன்ட்டி முதல் தட்டை நிரப்பி, இரண்டு கையாலும் அம்மா முன்னால் வைத்தார். அம்மா சிரித்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தண்ணி மட்டும் போதும்னு சொல்லு கண்ணு."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போன வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சம்பந்தம் முடிவாகும்வரை ஒரு வாய் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். என்னைப் பார்க்க வந்தபோது என் மாமியார் வீட்டார் மோரைக்கூடத் தொடவில்லை. பன்னிரண்டு வருஷ அமெரிக்க வாழ்க்கையில் பாட்லக் பாட்லக்காகத் தின்றதில் எனக்கு அது அடியோடு மறந்து போயிருந்தது. செந்திலுக்கு அது தெரியவே தெரியாது. நான் கரண்டியை நோக்கி நகர்த்திய கையை அம்மா பார்த்தாள். இழுத்துக்கொண்டேன்.

விருந்தாளி வாய் வைக்காமல் அவர்கள் தொடங்க மாட்டார்கள். பாஸ்தா ஆறியது. பதினைந்து பேரும் எங்களைப் பார்த்தார்கள். ரோசாரியா ஆன்ட்டியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "எங்கள் வீட்டில் சாப்பிட அவருக்கு அருவருப்பா?" என்று மகளிடம் கேட்டார். டனியேலா அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, கண் கலங்கி செந்திலைப் பார்த்து, "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். இரண்டு வருஷக் காதல் என் கண் முன்னால் ஒரு தட்டுப் பாஸ்தாவில் கவிழப் போகிறது என்று எனக்குப் பயமாக இருந்தது.

நான்தான் எழுந்து இங்கிலீஷில் விளக்கினேன். அருவருப்பில்லை, இது எங்கள் வழக்கம், முடிவு சொல்லும்வரை சாப்பிட மாட்டோம், சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னால்தான் துரோகம் என்றேன். டனியேலா சொல்லச் சொல்ல மேஜை முழுக்க முணுமுணுப்பு. ஆன்ட்டி கேட்டார்: "அப்படியானால் சாப்பாட்டு நேரத்துக்கு ஏன் வந்தீர்கள்?"

நியாயமான கேள்வி. அம்மாவிடம் சொன்னேன். "நானா வந்தேன்? நாலரைக்குள்ளன்னுதான் சொன்னேன். ஒரு மணின்னது இந்த மகராசன்" என்று செந்திலைக் காட்டினாள்.

ஆன்ட்டி தன் தட்டையும் தள்ளி வைத்தார். அம்மாவுக்கு நேர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சரி. அவர் என் பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறார், பார்க்கட்டும். அவர் மகனை நான் எப்படிப் பார்ப்பது?"

அம்மா நிமிர்ந்தாள். "கேக்கச் சொல்லு. என்ன வேணும்னாலும் கேக்கட்டும்."

"கோபம் வந்தால் அவன் என்ன செய்வான்?"

"ரெண்டு நாளைக்குப் பேச மாட்டான். மூணாம் நாள் ஒண்ணும் நடக்காதவனாட்ட வந்து தண்ணி கேப்பான்."

டனியேலா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "அதேதான்!" என்று தன் அம்மாவிடம் சொன்னாள்.

"இவள் கத்துவாள். தட்டை உடைப்பாள்" என்றார் ஆன்ட்டி.

"எத்தனை தட்டு?"

"ஒன்று. ஆனால் நல்ல தட்டாகப் பார்த்து உடைப்பாள்."

"இவன் ஈரத் துண்டைக் கட்டில் மேல போடுவான். அடிச்சும் பாத்துட்டேன், திருந்தல."

இப்படியே போயிற்று. ஒருவர் தன் பிள்ளையின் குறையை எடுத்து வைக்க, இன்னொருவர் அதற்கு மேல் ஒன்றை எடுத்து வைத்தார். எதையும் மறைக்கவில்லை. செந்தில் காது சிவந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமாக்கள் பசியை மறந்து ரசித்தார்கள். பிறகு ஆன்ட்டியின் குரல் இறங்கியது. "கலிபோர்னியா ரொம்ப தூரம். எனக்கு இருப்பது ஒரே பெண். அவளுக்குக் குழந்தை பிறந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள்?"

டனியேலா அதை மொழிபெயர்க்காமல் நிறுத்திவிட்டாள். செந்தில்தான் மெல்லச் சொன்னான். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"பிரசவத்துக்கு மொதல்ல பொண்ணோட அம்மாதான் போகோணும். அதுதான் மொறை. அவங்க ஆறு மாசம் இருக்கட்டும், அப்பறம் நான் ஆறு மாசம் வந்து பாத்துக்கறேன்."

எங்கள் வளாகத்தில் அப்படித்தான். ஓர் அம்மா ஊருக்குப் போக, இன்னோர் அம்மா வந்து இறங்குவார். "இத்தாலிக்காரங்க விசா இல்லாம வந்தா மூணு மாசந்தாம்மா" என்றான் செந்தில்.

"அப்ப மூணு மாசம் அவங்க. மிச்சத்துக்கு நான் இருக்கேன்ல? இதுக்குப் போய் எதுக்கு அவங்க மூஞ்சி வாடுது, சொல்லுடா."

"அம்மா," என்றான் அவன், "நீ இன்னும் முடிவே சொல்லலையே."

அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள். முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, கத்தரிக்காயை விரலால் பிட்டு, ரொட்டியோடு சேர்த்து வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரே ஆன்ட்டி இன்னும் தன் தட்டைத் தொடவில்லை. அம்மா அவரைப் பார்த்து, மொழிபெயர்ப்பாளர் யாரையும் எதிர்பார்க்காமல், தமிழிலேயே சொன்னாள்:

"நீங்களும் சாப்புடுங்க சம்பந்தி. ஆறிப்போச்சு பாருங்க."

டனியேலா செந்திலின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "என்ன சொன்னாங்க? சொல்லு!" அவன் அழுதுகொண்டிருந்தான், சொல்லும் நிலையில் இல்லை. நான் முயன்றேன். இங்கிலீஷில் அந்த உறவுக்குப் பெயரே கிடையாது. உன் அம்மாவும் என் அம்மாவும், உங்கள் கல்யாணத்துக்கு அப்புறம், ஒருவருக்கொருவர் என்னவோ அது, என்று சுற்றி வளைத்தேன். டனியேலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தன் தாயிடம் ஒரே வார்த்தை சொன்னாள்: "கொன்சுவோச்செரா."

அவர்கள் பாஷையில் அந்த உறவுக்குப் பெயர் இருந்தது. ரோசாரியா ஆன்ட்டி அதைத் திருப்பிச் சொன்னார், விரலால் அம்மாவைக் காட்டி ஒரு முறை, தன் நெஞ்சைத் தொட்டு ஒரு முறை. அம்மா தலையை ஆட்டினாள். ஆன்ட்டி முள்கரண்டியைத் தள்ளிவிட்டு, கையாலேயே கத்தரிக்காயை எடுத்தார்.